அட்டை மாறிய புத்தகம்

"இன்னா டீச்சரம்மா இது, அட்டையைப் பின்னாடி ஒட்டிக்கினு வந்துருக்கீங்க?"

வேலூர் புத்தகக் கடைக்காரர் வேதாசலம் கட்டைப் பிரித்ததும் கேட்டார். ஜெயசீலி ஒரு பிரதியைப் பிடுங்கிப் பார்த்தாள். முன் அட்டை, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. முந்நூறு பிரதியும் அப்படியே. பைண்டிங்கில் கட்டிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காமலே பஸ் ஏறியது அவள் தப்பு.

ஆம்பூரில் டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் படக்கதை போடக் கிளம்பியவள் அவள். ராஜாவும் துப்பறிவாளனும் இல்லாத, ஊர் ஜனங்களின் கதைகள். நாலு போட்டு நாலும் தூங்கிவிட்டன. இது ஐந்தாவது. இதில் பேச்சே கிடையாது, பக்கத்துக்கு ஒரு படம். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பெண்ணில் ஆரம்பித்து, அவள் படிப்பை நிறுத்திவிட்டு ஷூ கம்பெனித் தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்காருவதில் முடியும். இப்போது அட்டையைத் திறந்தால் முதலில் மெஷின்தான் வந்தது.

"பைண்டிங் பண்ண அக்தரிம்மா உருதுப் புக்கு ஒட்டிப் பழகினவங்க சார். அதுங்க வலது பக்கத்துலேர்ந்துதானே திறக்கும், கைப்பழக்கத்துல ஒட்டிட்டாங்க. திருப்பி எடுத்துட்டுப் போய்ட்றேன்."

"வெச்சுட்டுப் போங்க. எப்படி ஒட்டினா இன்னா, விக்கவா போவுது? இதுவும் போவலைன்னா அடுத்தது இங்க கொணாராதீங்க, சொல்லிட்டேன்."

அந்தக் கடையை விட்டால் அவள் புத்தகத்தை வாங்கி வைக்க அரக்கோணம் வரை ஆளில்லை. மறுபடியும் டீச்சர் வேலை கேட்டு யார் காலில் விழுவது என்று யோசித்துக்கொண்டே ஊர் திரும்பினாள்.

இருபதாம் நாள் வேதாசலத்திடமிருந்து கார்டு வந்தது. 'எல்லாம் தீர்ந்துவிட்டது. ஷூ கம்பெனிப் பெண்கள் கூட்டமாக வந்து வாங்குகிறார்கள். இன்னும் ஆயிரம் அனுப்பவும். அட்டை அதே மாதிரி இருக்கட்டும்.'

ஜெயசீலிக்குக் கால் தரையில் பாவவில்லை. கார்டும் கையுமாக அக்தரி பேகம் வீட்டுக்கு ஓடினாள். அவர் தனியாகப் பசை கிண்டிக்கொண்டிருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷூ கம்பெனிக்குப் போகும் மகள் ஜஹீருன்னிசா கண்ணில் படவில்லை.

"ஜெயிச்சிட்டோம் அக்தரிம்மா. இன்னும் ஆயிரம் கேக்குறாங்க. நீங்க தப்பா ஒட்டினீங்களே, அதே மாதிரியே ஒட்டணும்."

"தப்பாவா?" அக்தரி பேகம் சிரித்தார். "முப்பது வருசமா ரெண்டு பாஷை புக்கும் ஒட்றேன். எது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? மொதப் புக்கை நீங்க சொன்ன மாதிரிதான் ஒட்டினேன். ஜஹீருன்னிசா பார்த்துட்டு ஒரே அழுகை. அப்புறம் அவளே பின்னாலேர்ந்து புரட்டினா. மெஷினை விட்டு எழுந்து அந்தப் பொண்ணு ஸ்கூல் வாசலுக்கு வந்துட்டா. என் பொண்ணு மொகமே மாறிப்போச்சு. அந்தப் புக்கையும் பிரிச்சு, எல்லாத்தையும் அவ புரட்டின மாதிரியே ஒட்டிட்டேன்."

ஜெயசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ இன்னும் கம்பெனியிலேர்ந்து வரலையா?" என்று கேட்டாள்.

"கம்பெனியா?" அக்தரி பேகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரைக்கு ஸ்கூல் விட்டதும் வந்துடுவா, டீச்சரம்மா."