முனியப்பன் சூலத்தில் இரண்டு பூட்டுகள்

சூலத்தில் இரண்டு பூட்டுகள்தான் மிச்சம்.

ஒன்று குள்ளம்மாளுடையது. மற்றது தன்னுடையது என்று ஒருவரும் வரவில்லை.

ஏரியூர்ப் பக்கத்து அந்தப் பழைய நீர்மின் நிலையத்தைப் புதுப்பிக்கிறார்கள். கிழட்டு டர்பைன்களைக் கழற்றியாகிவிட்டது. புதியவை லாரியில் வந்து நிற்கின்றன. அவை உள்ளே போகும் வழியில் முனியப்பன் உட்கார்ந்திருந்தார். அவரை வேப்பமரத்தடிக்கு மாற்றுவதற்குள், பூட்டு மாட்டியவர்கள் வந்து அவரவர் பூட்டைத் திறந்துகொள்ள வேண்டும்.

அநியாயம் செய்தவனைச் சபித்து அந்தச் சூலத்தில் பூட்டுவார்கள். அவன் பட்டு அழிந்தபிறகு திறப்பார்கள். அடுத்தவர் பூட்டை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் அந்தச் சாபம் தொட்டவர் வீட்டுக்கே வந்துவிடும்.

காலையிலிருந்து எந்தப் பூட்டும் லேசில் திறக்கவில்லை. பூசாரி பச்சியப்பன் ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, படாதபாடு பட்டுவிட்டார்.

"நீயும் தொறந்துக்கோ குள்ளம்மா."

"என்னுது இன்னும் பலிக்கலைங்க."

பலிக்கவில்லைதான். அவள் கணவன் மாதப்பன் டர்பைனுக்குள் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இறங்குகிறவன் வால்வுச் சக்கரத்தில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே அதுதான் சட்டம். பிணத்தின் அரைஞாண் கயிற்றில் சாவி இருந்தது. வால்வில் பூட்டு இல்லை.

பூட்டே போடாமல், குடித்துவிட்டு இறங்கினான் என்றார் அப்போது என்ஜினியராக இருந்த ராஜப்பன். பெரிய மனிதர் சொன்னால் அது சாட்சி. சாராய வாடையே ஆகாத மனுஷன் என்று பொண்டாட்டி சொன்னால் அது ஒப்பாரி.

மகள் பள்ளிக்கூடம் முழுக்கக் குடிகாரன் பெண்ணாகவே வளர்ந்தாள்.

குள்ளம்மாள் தாலிக்கயிற்றைக் கழற்றிய கழுத்தில் அந்தச் சாவியைக் கட்டிக்கொண்டாள். தண்ணீரைத் திறந்த கை எதுவோ அது நாசமாய்ப் போகட்டும் என்று சூலத்தில் ஒரு பூட்டை மாட்டினாள். அமாவாசை தவறாமல் வந்து சூடம் ஏற்றினாள்.

ராஜப்பன் ஓய்வு பெற்று, இப்போது புதுப்பிக்கிற கம்பெனிக்கு ஆலோசகராகத் திரும்பி வந்திருந்தார். காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் வராத பூட்டைப் புளி போட்டுத் தேச்சு, புது எடத்துல மாட்டிர்லாங்க பூசாரி" என்றாள் குள்ளம்மாள். காருக்குள் இருப்பவருக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

இடம் மாற்றும் நாளில் மட்டும் பூசாரி தொட்டால் தோஷமில்லை. அவர் புளி கரைக்கப் போனார்.

கார்க் கதவு திறந்தது.

"அது என்னுதுதான்யா" என்றபடி வேகமாக வந்தார் ராஜப்பன். "பங்காளித் தகராறுல போட்டது. சாவி எங்கியோ தொலஞ்சு போச்சு. கட்டர் வெச்சு வெட்டிக் குடுங்க."

"சூடத்த அணைச்சுச் சொல்லிருங்க சார். எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க" என்றார் பூசாரி.

கம்பெனி ஆட்கள், வெல்டர்கள், ஊர்ச்சனம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ராஜப்பன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். என் பூட்டு, என் கையால் நானே மாட்டியது என்று சத்தியம் செய்தார்.

குள்ளம்மாள் எழுந்தாள்.

"வெட்ட வேணாங்க. சாவி எங்கிட்ட இருக்குது."

கழுத்துக் கயிற்றை இழுத்து வெளியே எடுத்தாள். அங்கிருந்த பழைய ஆட்கள் சிலருக்கு அந்தச் சாவியைத் தெரியும். அவர்கள் அதைப் பிணத்தின் இடுப்பில் பார்த்தவர்கள்.

பூட்டு திறந்தது. குங்குமத்தையும் பிசுக்கையும் கட்டைவிரலால் துடைத்து, பூட்டின் அடியில் குத்தியிருந்த மாதப்பன் பேரைப் பூசாரியிடம் காட்டினாள்.

ஆபீசிலிருந்த மாற்றுச் சாவியால் இந்தப் பூட்டை எடுத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தவன், இதை ஆற்றில் எறிந்திருந்தால் பிணம் தேடியவர்கள் கையில் சிக்கியிருக்கும். சாபத்துக்குப் பயந்து ஒரு கையும் தீண்டாத இடம் அந்த வட்டாரத்திலேயே இந்தச் சூலம் ஒன்றுதான். இத்தனை வருஷமும் அவள் சூடம் ஏற்றியது அதற்கு ஒரு முழம் தள்ளித்தான்.

ராஜப்பன் காரைத் தேடித் திரும்பினான். வெல்டர்கள் வழியை விடவில்லை.

பூசாரிக்குத்தான் ஒன்று இடித்தது. காலையிலிருந்து இந்த ஒரு பூட்டுதான் மண்ணெண்ணெய் கேட்காமல் திறந்திருக்கிறது.

கேட்காது. போன அமாவாசையன்று இடத்தைப் பார்வையிட வந்த ராஜப்பன், இந்த ஒரு பூட்டையே வெறித்துக்கொண்டு நின்றதைக் குள்ளம்மாள் பார்த்துவிட்டாள். சாபம் வந்தால் வரட்டும் என்று அதைத் தொட்டாள். திறந்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு தேங்காய் எண்ணெய் விட்டு, குங்குமம் அப்பி, இருந்த மாதிரியே பூட்டிவைத்தாள். பூட்டு கிடைத்தால் மட்டும் போதாது, மாட்டிய கை வேண்டும் அவளுக்கு. சூடம் அணைத்துச் சொல்லவைக்கும் யோசனையைப் பூசாரிக்குக் கொடுத்ததே அவள்தான்.

"அந்த மண்ணெண்ணெய இங்க குடுங்க பூசாரி" என்றாள். "என்னுத இப்பத் தொறந்துக்கறேன்."