வாரம் ஒரு டம்ளர்

“எப்படியாவது காப்பாத்திக் குடுங்க. என் பொண்ணு வெச்ச செடி. அவ தவறி எட்டு மாசம் ஆச்சு.”

நர்சரிக்காரர் அந்த ஸ்பைடர் பிளான்ட்டைத் தொட்டியிலிருந்து உருவினார். வேர் கூழாகிக் கையோடு வந்தது.

“இந்தச் சின்னத் தொட்டிக்குத் தண்ணிய ஊத்தியே கொன்னுட்டீங்களே சார்!”

“ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு டம்ளர். அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தல, சத்தியமா.”

“வீட்ல வேற யாராச்சும் ஊத்தறாங்களா?”

“இருக்கறது என் பொண்டாட்டி மட்டும்தான். அவ செடி இருக்கற பொண்ணு ரூம் பக்கமே போறதில்ல. பொண்ணு போனதுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல, நானும் பேசறதில்ல. எனக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதாங்க.” குரல் உடைந்தது.

நர்சரிக்காரர் தலையைச் சொறிந்தார். “நேத்து ஒரு அம்மா ஒரு செடியோட போட்டோவக் காட்டி இதே மாதிரிதான் அழுதாங்க. புதன்கிழமை ஒரே ஒரு டம்ளர்தான்னு அவங்களும் சத்தியம் பண்ணாங்க. வீட்டுக்காரருக்கு மக நெனப்பே இல்லையாம், அந்த ரூமை எட்டிக்கூடப் பாக்கறதில்லையாம்.”

அவர் கண் தொட்டியில் ஒட்டியிருந்த நீலப் பட்டாம்பூச்சி ஸ்டிக்கரில் நின்றது.

“அட, அந்த போட்டோல இருந்த தொட்டிலயும் இதே ஸ்டிக்கர்தான் சார்!”

செடியைக் கொண்டுவந்தவர் அதன் கொடி நுனியில் பச்சை மாறாமல் தொங்கிய ஒரே குட்டிச் செடியைக் கிள்ளி எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனார். சமையலறையில் நின்ற மனைவியின் கையில் அதை வைத்தார்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு அவளிடம் பேசினார்.

“உன் புதன்கிழமையே இருக்கட்டும்.”