மூன்று கைகளில் ஒரே வாட்ச்

"கையை நீட்டுங்க தம்பி!"

நேர்முகத் தேர்வில் யாரும் எதிர்பார்க்காத உத்தரவு. மூன்றாவதாக வந்த இளைஞன் மிரண்டுபோய்க் கையை நீட்டினான்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வாட்ச்! பிஸ்கட்டை விட மெலிசு. வாரில் ஆணியால் குத்திய அதே கூடுதல் ஓட்டை.

ஆளைப் பார்க்குமுன் மணிக்கட்டைப் பார்க்கிறவர் அவர். சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் அடங்கும் மெலிசான வாட்ச் கட்டுகிறவன் ஒழுங்கானவன் என்பது அவர் கட்சி. முதலில் வந்தவனுக்கு மனசுக்குள் வேலையே கொடுத்துவிட்டார். இரண்டாவது ஆள் கையிலும் அப்படி ஒன்றைக் கண்டதும், அட, இன்னொரு ரசனைக்காரன் என்று பூரித்துப் போனார். இப்போது மூன்றாவது!

"இது யாருது? உண்மையைச் சொல்லுங்க!"

"லிஃப்ட்காரர் குடுத்தார் சார்... வெறுங்கையோட உள்ளே போகாதேன்னு..."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி வாயைப் பிளந்தார்.

லிஃப்ட்காரரை வரவழைத்தார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம் பாக்கி அவருக்கு.

"என்னய்யா, வாசல்ல வாடகைக் கடை நடத்துறியா?"

"ஐயையோ, சல்லிக்காசு வாங்கினதில்ல சார். பயந்துபோய் வர்ற புள்ளைங்க. நல்ல வாட்ச் ஒண்ணு கையில ஏறினா முதுகு தானா நிமிர்ந்துடுது. தடி வாட்ச்சுன்னா சட்டைக் கையில பொத்தான் போட முடியாது. இது மெலிசு, இருக்கிறதே தெரியாது. ஒரே கஷ்டம், ஈரம் தாங்காது. இவங்க கை வேர்க்கிற வேர்வைக்கு வருஷத்துல ரெண்டு தடவை பிரிச்சுத் துடைக்க வேண்டியிருக்கு."

பெண் அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டார்களே என்று மேஜையில் ஓங்கி அடித்தார்.

"இது மோசடி! இவங்க மூணு பேருக்கும் வேலை கிடையாது. நீயும் நாளையிலேர்ந்து வர வேண்டாம்!"

இளைஞன் வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்தான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னை அனுப்பிடுங்க சார், பரவாயில்ல. இந்தப் புள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"இரவல் வாட்ச்சைக் கட்டிக்கிட்டு வந்து ஏமாத்துறவனுக்கு இந்த உலகத்துல எவனாவது வேலை குடுப்பானா? நீயே சொல்லுய்யா!"

லிஃப்ட்காரர் தயங்கினார். பெண் அதிகாரியைச் சங்கடமாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். அப்படியும் அந்தச் சின்ன அறையில் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

"குடுத்தாங்களே சார். இருபத்திமூணு வருஷத்துக்கு முன்னால, இதையே கட்டிக்கிட்டு இதே அறைக்குள்ள வந்த உங்களுக்கு."