சார்ஜ் ஏறாத போன்

"திறந்துதான் பார்க்கணும்," என்று கடைப் பெண் சொன்னாள்.

திறக்கப் போவது என் கணவருடைய போன். இருக்கிறதிலேயே உசத்தியான மாடல் என்று வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறார். யாரும் தொடக்கூடாது. அவருடைய அக்கா பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் போன் பீரோவுக்குள் போய்விடும்.

அந்தப் போனைத்தான் போன மாதம் நான் மாடிப்படியில் போட்டு உடைத்தேன்.

அன்றைக்கு அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். "போனை ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன், பேசாம தூங்குங்க" என்று போர்வையை இழுத்துவிட்டு, ஊரின் மறுகோடியில் ஒரு கடைக்கு ஓடினேன். கம்பெனி டிஸ்ப்ளே வர நாளாகும், டூப்ளிகேட் என்றால் உடனே என்றார் கடைக்காரர். போட்டுவிடுங்கள் என்றேன்.

காய்ச்சல் விட்டு எழுந்தவர் திரையைத் தடவிப் பார்த்தார். "ரெஸ்ட் கொடுத்ததுல போனுக்கே ஒரு தெளிவு வந்திருக்கு" என்றார். நான் கஷாயம் எடுத்துவரப் போய்விட்டேன்.

உடைத்தது தெரிந்தால் திட்டுவார். வாங்கிக்கொள்ளலாம், அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் நான் உடைத்ததற்கு முந்தின வாரம்தான், என் ஸ்கூட்டரை கேட்டில் இடித்துவிட்டு வந்து நின்றவரை, "ஒரு பொருளை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாத ஜென்மம்" என்று மாமியார் முன்னாலேயே வாய் கிழியப் பேசியிருந்தேன். இப்போது இந்தக் குட்டு உடைந்தால் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஆயுசுக்கும் என்னை ஓட்டியே தீர்த்துவிடுவார்கள்.

இன்று காலையில் போனில் சார்ஜ் ஏறவில்லை. வாரண்டி இன்னும் முடியவில்லை. நேரே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோவார், அங்கே டூப்ளிகேட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள், என் கதை முடிந்தது என்று இடிந்துபோய் உட்கார்ந்தேன்.

"அங்க போனா டோக்கன் கொடுத்து நாள் பூரா உட்கார வெச்சிடுவான். பக்கத்துல ஏதாவது கடையில காட்டிக்கலாம்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீ எதுக்கு இந்த வெயில்ல" என்று தடுத்துப் பார்த்தார். விடுவேனா? அவருக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

கடைப் பெண் தலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். விளிம்பில் சூடு காட்டி, மெல்லிய தகடு ஒன்றைச் செருகினாள். பின்பக்கக் கண்ணாடி பட்டென்று கையோடு வந்துவிட்டது.

"ம்" என்றாள்.

அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

உள்ளே பார்த்தால், இத்தனை பீற்றிக்கொண்ட போனில் பாதி இடம் பேட்டரி. மீதியில் விரலகலத்துக்கு ஒரு போர்டு, மூன்று கேமரா, போன் அதிர்வதற்கென்று நகத்தளவு ஒரு மோட்டார். அவ்வளவுதான். எள்ளு மாதிரி திருகாணிகளை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு காந்தத் துண்டின்மேல் வைத்தாள்.

"அட, பேட்டரி இவ்வளவு பெருசா?" என்று என் கணவர் வாயைப் பிளந்தார். கொஞ்சம் அதிகமாகவே பிளந்தார். "பார்த்தும்மா. இதுவரைக்கும் யார் கையும் படாத போன்."

"ஆமா, நான்கூடத் தொட்டதில்ல" என்றேன்.

அவள் டிஸ்ப்ளே பக்கமாகக் குனிந்தாள். நான் குறுக்கே புகுந்தேன். "சார்ஜ் ஏறுற இடத்தை மட்டும் பாரும்மா. மத்ததை எல்லாம் எதுக்கு நோண்டணும்?"

"அதானே, எதுக்கு?" என்றார் அவர்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதில்லை. அந்த சந்தோஷத்தில் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

அவள் சின்ன இடுக்கியால் எதையோ அழுத்தினாள். வயரைச் செருகினாள். திரையில் பச்சையாக பேட்டரி படம் வந்தது.

"ஒண்ணுமில்ல சார். உள்ள ஒரு ரிப்பன் வயர் சரியா மாட்டாம இருந்துச்சு."

நான் மூச்சு விட்டேன். பக்கத்தில் அவரும் விட்டார்.

திருகாணிகளைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "கம்பெனியில இப்படி அரைகுறையா மாட்டமாட்டாங்களே. இது முன்னாடியே பிரிச்ச போன்தானே?" என்று கேட்டாள்.

நான் முந்திக்கொண்டேன். "பாருங்க, வித்தவன் பழசை உங்க தலையில கட்டிட்டான்."

"அப்படித்தான் இருக்கும். சரி விடு, போகுது" என்றார்.

துணிக்கடையில் கட்டைப்பை தரவில்லை என்று மேனேஜர் வரைக்கும் போகிற மனுஷன். இவ்வளவு பெரிய மோசடிக்கு, விடு என்கிறார்.

கடைப் பெண் தலையாட்டினாள். "ஒரு தடவை பிரிச்சதும் இல்லக்கா. டிஸ்ப்ளே மாத்தினது ஒரு ஆளு. பின்பக்கக் கண்ணாடி மாத்தினது வேற ஆளு. பாருங்க, பசையே வேற வேற. ரெண்டும் கம்பெனியோடது இல்ல."

டிஸ்ப்ளே நான்.

மெல்ல அவர் பக்கம் திரும்பினேன். அவரும் என் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தார்.

அவள் பசைக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒட்டிடட்டுமா?" என்றாள்.

"ஒட்டிடுங்க" என்றோம், இரண்டு பேரும் சேர்ந்து.