ஓசி கார்டு

"எங்க அண்ணன் ஒரு மாசமா இந்தப் பக்கமே வரலை. நீங்க எதாவது சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டதும், டீ குடித்துக்கொண்டிருந்த வீடியோ எடிட்டர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

"நான் என்ன சொல்லப் போறேன்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேறென்ன இருக்க முடியும்?

மச்சானுக்குக் கம்ப்யூட்டர் கடை. எடிட்டரிடம் இருந்த கிராபிக்ஸ் கார்டும் அங்கே வாங்கியதுதான், சாதா மாடல். போன மாதம் ஒரு பெரிய வேலை கழுத்தை நெரித்தபோது, அதே கார்டின் 'ஓசி' மாடலை ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டார். அதே சில்லு, அதே மூன்று விசிறி. தொழிற்சாலையிலேயே வேகத்தைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு, பெயருக்குப் பின்னால் 'ஓவர்கிளாக்' என்பதன் சுருக்கமாக ஓ.சி. என்று ஆங்கிலத்தில் இரண்டெழுத்து சேர்த்திருப்பார்கள். மச்சான் மறுபேச்சு பேசாமல் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார்.

"ஓசியில வந்த ஓசி கார்டா?" என்று மனைவிகூடச் சிரித்தாள்.

திருப்பிக் கொடுக்கும்போதுதான் புத்தி கெட்டது. வெளிப்பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தன் பழைய கார்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்.

அதனால் பெரிதாக எதையும் கண்டுவிடவில்லை. முன்பு கம்ப்யூட்டர் செய்து முடிக்க நாற்பது நிமிடம் பிடித்த காட்சி, இப்போதும் நாற்பது நிமிடமே பிடித்தது. நாலைந்து சதவீதம் கூடினால் கண்ணுக்கா தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கார்டின் விவரத்தைத் திரையில் திறந்து பார்க்கவும் மனம் வரவில்லை. அந்தப் பெயரைப் பார்த்தாலே நெஞ்சு குறுகுறுக்கும்.

"அண்ணி போன் பண்ணாங்க" என்றாள் மனைவி. "நம்மகிட்ட இருந்துச்சே அந்த ஓசி கார்டு, அதை இன்னிக்கு ஒரு காலேஜ் பொண்ணு வாங்க வருதாம். ஒரு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசாம், பாவம்."

எடிட்டர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். செருப்பு மாட்டும்போது இடது எது வலது எது என்று தெரியவில்லை.

கடையில் அந்தப் பெண் நின்றிருந்தாள். மச்சான் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், அதைக் குடுக்காதீங்க. ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

பின்னறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று, ஒன்றையும் மறைக்காமல் கொட்டிவிட்டார். "பெட்டிக்குள்ள இருக்கிறது என்னோட பழைய கார்டு. உங்க ஓசி கார்டு என் கம்ப்யூட்டர்ல இருக்கு. என்னைத் திட்டுங்க, அடிங்க. அந்தப் பொண்ணை ஏமாத்த வேண்டாம். உங்க தங்கச்சிக்கு இது எதுவும் தெரியாது."

இனி மச்சான் வீட்டு வாசல் தனக்கு இல்லை என்று எடிட்டர் நினைத்தார்.

மச்சான் மெல்லக் கதவைச் சாத்தினார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"அந்தப் பொண்ணுக்குப் போறது அசல் ஓசி கார்டுதான் மாப்ள. அது இந்தக் கடையை விட்டு வெளியவே போகலை."

எடிட்டருக்குப் புரியவில்லை.

"புதுக் கார்டை ஒரு தடவை மாட்டிட்டா, அப்புறம் புதுசுன்னு விக்க முடியாது. நீங்க கேட்டு இல்லைன்னு சொல்லவும் வாய் வரலை. கண்டுபிடிச்சிருப்பீங்களோன்னு பயந்துதான் ஒரு மாசமா உங்க வீட்டுப் பக்கமே வரலை."

"என்னத்தைக் கண்டுபிடிக்க?"

"நான் அந்தப் பெட்டியில வச்சு உங்ககிட்ட குடுத்ததே சாதா கார்டுதான்."