காலி டப்பா

“என் இரும்புச்சத்து மாத்திரைய மொத்தமா ராக்கி துன்னுட்ச்சு!”

கர்ப்பிணி மனைவி மதிவதனி போட்ட கூச்சலில் செல்வகுமாருக்கு உயிரே போய்விட்டது. காலி டப்பாவோடு நாயைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு காட்டுப்பாக்கம் கால்நடை மருத்துவரிடம் பறந்தான். வழியில் அது சீட்டெல்லாம் வாந்தி எடுத்ததை அவன் சட்டை செய்யவே இல்லை.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

“வயித்துல ஒரு மாத்திரைகூட இல்லீங்க. கார் ஒத்துக்காமதான் வாந்தி எடுத்திருக்கு.”

செல்வகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவிக்கு போன் போட்டான்.

“வதனி, ராக்கி மாத்திரைய தொடவே இல்லியாம்!”

“தெரியும். மாத்திரை என் பையிலதான் கீது.”

“அடிப்பாவி! அப்புறம் இன்னாத்துக்குடி என்னை இப்டி ஓடவுட்டே?”

“போன வாரம் நான் மயங்கி வுழுந்தப்போ, ‘வாந்தி எடுத்தா கார் நாறிடும், ஷேர் ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போ’ன்னியே. நாய்க்காவது காரை எடுக்கிறியான்னு பாத்தேன்.”

போனில், “பூந்தமல்லி, பூந்தமல்லி!” என்று ஷேர் ஆட்டோக்காரர் கூவுவது கேட்டது.

“எங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கினு கீறேன். சாவி பக்கத்து ஊட்ல கீது. ராக்கிக்கு சோறு வச்சிட்டேன். உனக்கு வைக்கல.”