தினை வயலுக்கு ஒரு பந்தயம்

"பந்தயம் ஞாபகம் இருக்கில்ல? தோத்தவங்க எதிர்மலை வரைக்கும் கேக்கற மாதிரி கத்தி ஒத்துக்கணும்!" என்று தொடையைத் தட்டினார் ஹாவ் மான்துன்.

"கத்தப் போறது நீதான் கிழவா. இப்பவே வெந்நி குடிச்சுத் தொண்டைய நனைச்சு வச்சுக்க" என்றாள் அவர் மனைவி கைலியென்.

இருபது வருஷத்துச் சண்டை இது. மலைச்சரிவில் இருந்த தினை வயலை, அரசாங்கம் கேட்டதென்று, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மண்ணரிப்பைத் தடுக்கும் ஹுவாய் மரம் நடக் கொடுத்துவிட்டார் மனுஷன். "மரம் மண்ணை உறிஞ்சிச் சக்கையாக்கிடும். இனி அந்தப் பக்கம் காலே வைக்க மாட்டேன்" என்றாள் அவள். "மண்ணைக் கொழுக்க வைக்கும், பந்தயமா?" என்றார் அவர். ஊரே இரண்டு கட்சியானது.

இன்று தீர்ப்பு நாள். மண்ணை எடுத்துப்போய்ச் சோதித்த ஷு டீச்சர் முடிவோடு வந்திருந்தாள்.

"தழைச்சத்து நல்லா ஏறியிருக்கு பெரியப்பா. அது ஹுவாய் மரத்தோட புண்ணியம்."

"கதிர்ல மணி பிடிக்க வைக்கிற மணிச்சத்து?" என்று பாய்ந்தாள் கைலியென்.

"அதுவும் ஏறியிருக்கு பெரியம்மா."

மான்துன் குழந்தைபோலக் குதித்தார். கைலியென் பேச்சு மாறவில்லை. முற்றத்து விளிம்புக்குப் போய், வாயருகே கை குவித்து, "என் புருஷன் சொன்னதுதான் சரி! நான் தோத்துட்டேன்!" என்று கத்தினாள். எதிர்மலையில் யாரோ விசிலடித்தார்கள். மான்துனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஷு டீச்சர் மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். "ஒண்ணுதான் பெரியப்பா இடிக்குது. சுத்துப்பட்டுச் சரிவுல எல்லாம் மரம் மணிச்சத்த உறிஞ்சிடுச்சு. பெரியம்மா சொன்ன மாதிரியேதான். உங்க சரிவு மட்டும், வருஷா வருஷம் ஆட்டெரு போட்ட மண்ணா இருக்கு. நீங்க போட்டீங்களா?"

"நானா? எருக்கூடையச் சுமந்துக்கிட்டு அந்தச் செங்குத்துல எந்தப் பைத்தியம் ஏறும்?" என்று சிரித்தபடி திரும்பியவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அவள் காது வரைக்கும் சிவந்திருந்தாள்.

"நீ சந்தைக்குப் போற நாள்ல..." என்று முணுமுணுத்தாள் கைலியென். "மரக்கன்னுங்க வாடி நின்னுச்சு. நான் பந்தயத்துல ஜெயிக்கணும்னு, அதுங்களப் பட்டினி போட முடியுமா?"